கணப்போரம் ஒரு மீன்

தொட்டபெட்டா சாலையில் வண்டியை நிறுத்திச் சுட்ட மக்காச்சோளம் வாங்கித் தின்னாதவர்கள் குறைவு. தின்னும் அவசரத்தில் அதைச் சுடுகிற விதத்தைக் கவனித்தவர்கள் அதைவிடக் குறைவு. ஒரு தகரச் சட்டியில் கரி, பக்கத்தில் கையால் சுற்றுகிற ஊதுவிசிறி. கரியைக் கொட்டியதும் சோளம் விற்கிற அம்மா கதிரை வைத்துவிடுவதில்லை. முதலில் விசிறியைச் சுற்றுகிறார். பொறி பறக்கிறது, புகை கிளம்புகிறது, மஞ்சள் நாக்கு எழுந்து அடங்குகிறது. கரி முழுக்கச் சிவந்து, மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்து, புகை நின்ற பிறகுதான் கதிர் உள்ளே வருகிறது. அதுவும் நட்டநடுவில் அல்ல, கொஞ்சம் தள்ளி. கடைசியில் எலுமிச்சை மூடியை உப்பும் மிளகாய்த்தூளும் கலந்ததில் தொட்டு ஒரு தேய்ப்பு. சமையல் முடிந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒருநாள் போனில் கூப்பிட்டான். ஆபீஸ் விருந்தாம். கரி நெருப்பில் மீன் சுட்டுத் தரும் ஜப்பானியக் கடையாம். “மாமா, ஜப்பான் கடைன்னா பச்சை மீன்தானே? பையில தயிர் சாதம் கட்டிக்கிட்டுப் போயிடவா?” என்று கேட்டான். அவனுக்கு நான் முதலில் சொன்னது இந்த மக்காச்சோளத்தைத்தான். “நீ பார்க்கப் போறது அதே சட்டி, அதே கரி. சோளத்துக்குப் பதிலா மீன். தைரியமாப் போ.” அவனிடம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அந்த மாதிரிக் கடைக்கு ரொபாத்தாயாக்கி என்று பெயர். ‘ரொபாத்தா’ என்றால் கணப்போரம், ‘யாக்கி’ என்றால் சுட்டது. சமவெளியில் வளர்ந்தவருக்குக் கணப்பு என்ற சொல்லுக்கே அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கும். குன்னூர்க்காரருக்கு வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகுகிற நாட்களில், டீக்கடை வாசலிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் மிலாறு பொறுக்கிப் போட்டு மூட்டிய தீயைச் சுற்றி நாலு பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். தெரியாத ஆள் வந்தாலும் ஒருவர் நகர்ந்து இடம் கொடுப்பார். அந்த வட்டத்துக்கு ஒரு கூரை போட்டால் அதுதான் ரொபாத்தா.

பனி விழும் வட ஜப்பானின் பழைய விவசாய வீடுகளில் கூடத்தின் நடுவே தரையில் சதுரமாகக் குழி எடுத்து, சாம்பல் பரப்பி, அதில் நெருப்பு வைத்திருப்பார்கள். அதற்கு இரோரி என்று பெயர். சமையல், குளிர் காய்வது, துணி உலர்த்துவது, வந்தவரோடு பேசுவது எல்லாம் அதைச் சுற்றித்தான். மேலிருந்து ஒரு கொக்கி தொங்கும், அதில் கெட்டில். கொக்கியை ஏற்றி இறக்க ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். பெரும்பாலும் அதை மீன் வடிவத்தில் செதுக்கியிருப்பார்கள். மீன் தண்ணீரைச் சேர்ந்தது அல்லவா, அது நெருப்புக்கு மேல் காவல் இருந்தால் வீடு தீப்பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை. மரமும் வைக்கோலுமாகக் கட்டிய வீட்டுக்குள் இரவும் பகலும் தீ வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பயம் இருந்திருக்கும். மரமீன் மேலே தொங்க, ஆற்று மீனைக் குச்சியில் கோத்துச் சாம்பலில் நட்டுவைத்துக் கீழே சுட்டார்கள்.

இதைக் கடையாக்கியது அண்மைக் காலத்தில்தான். வடகிழக்கில் உள்ள செண்டாய் நகரத்தில் 1950 வாக்கில் தொடங்கிய ஒரு சிறு மதுக்கடையைத்தான் முதல் ரொபாத்தா என்கிறார்கள். அங்கிருந்து அது ஹொக்காய்டோத் தீவின் குஷிரோ துறைமுகத்துக்குப் போனது. ஆற்று மீன் கணப்பு கடல் மீன் கணப்பாக மாறியது அங்கேதான். பிறகு தோக்கியோ, லண்டன், துபாய். பெங்களூரில் ஐடிசி கார்டெனியா விடுதியின் ‘எடோ’ உணவகத்திலும் இப்படிக் கரிமேடை உண்டு. ஊட்டியில் இல்லை. வரலாம். வராமலே போனாலும் அதற்கு வேண்டிய சாமான் ஒவ்வொன்றும் இந்த மலையில் ஏதோ ஒரு பெயரில் ஏற்கனவே இருக்கிறது.

கடைக்குள் நுழைந்தால் லாட வடிவத்தில் ஒரு மேடை. வெளிப்பக்கம் நாம். உள்பக்கம், காலை மடித்து உட்கார்ந்திருக்கும் சமையல்காரர். அவருக்கும் நமக்கும் நடுவில் ஐஸ் மீதும் மூங்கில் கூடைகளிலும் அன்றைய சரக்கு. முழு மீன், கணவாய், இறால், மட்டி, கூடவே காளான், குடைமிளகாய், வெங்காயத்தாள், உருளைக்கிழங்கு, நம் மக்காச்சோளமும். மெனு படிக்கத் தெரியாவிட்டால் குற்றமில்லை, விரலை நீட்டினால் போதும். நாம் கேட்டதை அவர் உரக்கத் திருப்பிச் சொல்வார், மற்ற ஊழியர்களும் சேர்ந்து குரல் கொடுப்பார்கள். நம் ஓட்டல்களில் “ரெண்டு ரோஸ்ட், ஒரு ஊத்தப்பம்” என்று உள்ளே குரல் போகுமே, அதேதான். சுட்டது வெந்ததும், துடுப்பு மாதிரி நீளமான மரப்பலகையில் தட்டை வைத்து நம் முன்னால் நீட்டுவார். படகுக்குப் படகு மீனவர்கள் துடுப்பில் சாப்பாடு மாற்றிக்கொண்ட வழக்கம் இது என்று சில கடைகள் சொல்வதுண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது. பிறந்த இடம் விவசாயி வீட்டுக் கணப்பு என்பதால் நான் அதை அரைக் காதால் கேட்டுக்கொள்கிறேன்.

உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரச் சூட்டுத்துண்டு தருவார்கள். கைக்கு மட்டும், அக்கா மகனிடம் முகத்தைத் துடைக்காதே என்று சொல்லி வைத்தேன், துடைத்திருப்பான். பிறகு நாம் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வரும். ஜப்பானில் இது இலவசமல்ல, உட்காரும் கட்டணம், பில்லில் சேரும். சில மீன்களுக்கு எதிரே விலை இருக்காது, ‘அன்றைய விலை’ என்று மட்டும் இருக்கும். கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி மேஜையை நிரப்புகிற நம் வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். இரண்டு சொல்லி, அதைத் தின்று, அடுத்த இரண்டு. ஆறிப்போன சுட்ட மீனைவிடச் சோகமான பண்டம் கிடையாது.

இனி நெருப்பு. இந்தச் சமையலில் பாதிக்கு மேல் அதுதான்.

நம் ஊரில் கரி எப்படி வருகிறது என்று பார்த்தால் ஜப்பானியக் கரியின் பெருமை புரியும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, தழை போட்டு, மண் பூசி மூட்டம் போடுவார்கள். உள்ளே தீ வைத்துக் காற்றைக் குறைத்துவிட்டால் மரம் எரியாமல் வேகும். ஈரம் போகும், பிசின் போகும், எண்ணெய் போகும். கடைசியில் துளைகளை அடைத்துவிட்டால் தீ தானாக அணைந்து கறுப்புக் கரி கிடைக்கும். ஜப்பானியரின் உசத்திக் கரியான பிஞ்ச்சோத்தான் இதே வழியில்தான் தொடங்குகிறது. வாக்கயாமா மலைகளில் வளரும் உபாமே என்ற ஓக் மரத்தைச் சூளையில் நாள்கணக்கில் மெதுவாக வேகவைக்கிறார்கள். முடிகிற கட்டத்தில், நாம் துளையை அடைக்கிற இடத்தில், அவர்கள் திறக்கிறார்கள். காற்று பாய்ந்ததும் சூடு 1,000 டிகிரியைத் தொடுகிறது. மிச்சமிருந்த பிசினும் எரிந்துபோகிறது. செக்கச்சிவந்த கட்டைகளை அப்படியே வெளியே இழுத்து, சாம்பலும் மண்ணும் கலந்த ஈரப்பொடியைப் போட்டு மூடி அணைக்கிறார்கள். அந்தப் பொடி ஒட்டி மேலே வெளுத்துவிடுவதால் இதற்கு வெள்ளைக் கரி என்று பெயர். தானபே ஊரில் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதை விற்ற பிச்சூயா சோஸாயெமோன் என்ற வியாபாரியின் பெயர்தான் சுருங்கி ‘பிஞ்ச்சோ’ ஆனது என்கிறார்கள். இரண்டு கட்டைகளை மோதினால் கரியின் மொத்துச் சத்தம் வராது. கணீரென்று உலோகச் சத்தம் வரும்.

அப்படி இறுகிய கரியால் என்ன லாபம்? சுவாலை கிடையாது, புகை மிகக் குறைவு, மணிக்கணக்கில் ஒரே சூடு. நட்டம் என்னவென்றால் சுலபத்தில் பற்றாது. திடீரென்று சூடாக்கினால் வெடி மாதிரி வெடித்துச் சிதறும். அதனால் கடை திறக்க வெகுநேரம் முன்பே மெதுவாகப் பற்றவைத்துவிடுவார்கள்.

கேஸ் அடுப்பில் சுட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும், ஆனால் வேறு மாதிரி ஆகும். சமையல் கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. 1 கிலோ கேஸ் எரிந்தால் 1.5 கிலோவுக்கு மேல் நீராவி வருகிறது. அந்த ஈரக்காற்றில் மீன்தோல் மொறுமொறுப்பாவது கஷ்டம். நல்ல கரியில் கிட்டத்தட்ட முழுக்கக் கார்பன்தான், அதனால் நீராவி இல்லை, வறண்ட சூடு. அதோடு சிவந்த கரி வெயில் மாதிரி கதிராகச் சூட்டை வீசுகிறது. காற்று சுடுவதற்குக் காத்திராமல் அந்தக் கதிர் நேராகத் தோலில் பட்டு அதை இறுக்கிவிடுகிறது. மார்கழிக் காலையில் காற்று நடுக்கினாலும் வெயிலில் நின்றால் முதுகு சுடுகிறதே, அந்தக் கணக்குத்தான்.

மலையில் இருப்பவருக்கு இதில் இன்னொரு சங்கதி உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரி வரை போகாது, 92, 93-லேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கரிச் சூட்டுக்கு இந்தத் தடை கிடையாது. உயரம் அதைத் தொடுகிற இடம் வேறு. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான், கரிக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜனும் அவ்வளவே. அதனால் கைவிசிறிக்கு வேலை அதிகம். மக்காச்சோளக்கார அம்மா அந்த விசிறியை விடாமல் சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மலையில் விற்கிற கரி பெரும்பாலும் சீகை மரம், கற்பூர மரம். வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால், வாட்டிலும் யூக்கலிப்டஸும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டவை. இரண்டும் பிஞ்ச்சோத்தான் அளவுக்கு இறுகாத கரி, சீக்கிரம் பற்றிச் சீக்கிரம் தீரும். சரியாக வேகாத துண்டு கலந்திருந்தால் புகையும். நான் முதன்முதலில் கும்மட்டி அடுப்பில் அயிலை சுட்டபோது செய்த தப்பு அதுதான். கரி பாதி கறுப்பாக இருக்கும்போதே மீனை வைத்தேன். கொழுப்பு சொட்டியது, தீ நாக்கு எழுந்தது, தோல் தாராக மாறியது, எலும்போரம் பச்சையாகவே இருந்தது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டார்கள். அடுத்த தடவை தேங்காய்த்தொட்டிக் கரி வாங்கிவந்தேன். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. விலை கூடுதல், ஆனால் புகை குறைவு, சூடு நின்று எரிகிறது. பிஞ்ச்சோத்தானுக்கு நம் பக்கத்தில் கைக்கெட்டுகிற உறவு அதுதான்.

மசாலா எங்கே என்று தேட வேண்டாம், உப்பு மட்டும்தான். ஆனால் அந்த உப்பைப் போடுவதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு அடி உயரத்திலிருந்து விரலிடுக்கில் நழுவவிடுகிறார்கள். கிட்டத்தில் இருந்து போட்டால் ஓரிடத்தில் குவியும், உயரத்திலிருந்து விழுந்தால் மழைத்தூறல் மாதிரிப் பரவும். பிறகு இருபது நிமிடம் அப்படியே விட்டுவிடுகிறார்கள். உப்பு ஈரத்தை இழுத்து வெளியே கொண்டுவருகிறது. அந்த நீரோடு கவிச்சியின் பெரும்பகுதியும் வந்துவிடும். அதைத் துடைத்துவிட்டு, அடுப்பில் ஏற்றும் முன் மறுபடி கொஞ்சம் தூவுகிறார்கள். வாலுக்கும் துடுப்புக்கும் மட்டும் உப்பைக் கையால் அப்பி வைப்பார்கள். மெல்லிய இடமாதலால் முதலில் கருகிவிடும். உப்புச் சட்டை போட்டால் தப்பிக்கும். சுட்டு வரும்போது வெள்ளை வாலோடு மீன் இப்போதுதான் நீந்திவந்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்து, வாலோடு கடித்துவிட்டு உப்பு உப்பு என்று கத்துகிறவர்கள் உண்டு. வால் தின்பதற்கல்ல.

சுடுவதில் அவர்கள் சொல்கிற விதி: பலமான நெருப்பு, தள்ளி வை. நம் கை தோசைக்கல்லுக்குப் பழகியது, சூடு அதிகமானால் தீயைக் குறைப்போம். அவர்கள் தீயைக் குறைப்பதில்லை, மீனை உயர்த்துகிறார்கள். இன்னொரு பழமொழியும் வைத்திருக்கிறார்கள்: மீனைச் சுடப் பிரபுவை உட்காரவை, அரிசி அப்பத்தைச் சுடப் பிச்சைக்காரனை உட்காரவை என்று. பிரபு அவசரப்படமாட்டார், ஒரு பக்கம் முழுதாக வேகும்வரை தொடமாட்டார். பசித்தவன் நிமிடத்துக்கொரு தரம் புரட்டுவான். அப்பத்துக்கு அது நல்லது, மீனுக்கு ஆகாது. ஒரே ஒரு தடவை திருப்பினால் தோல் கிழியாது. நம் வீடுகளில் மீன் வறுக்கும்போது கரண்டியை வைத்து நோண்டிக்கொண்டே இருக்கிற கை என்னுடையதும்தான்.

என்ன மீன் கேட்பது? இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள், பெயரெல்லாம் புதிதாக இருப்பதால். சாபா என்றால் நம் அயிலைக்கு நெருங்கிய சொந்தம், கொஞ்சம் பெரிய உடம்பு. இவாஷி என்றால் மத்தி. அஜி பாரைக் குடும்பம். இக்கா கணவாய், எபி இறால். இலையுதிர் காலத்தில் சன்மா என்று வாள் மாதிரி ஒல்லியாக ஒன்று வரும். கோலா, முரல் வகைக்கு ஒன்றுவிட்ட உறவு. குடலோடு சுடுவார்கள், இலேசாகக் கசக்கும், அதைத்தான் ரசித்துச் சாப்பிடுகிறார்கள். ஹொக்கே என்பது ஹொக்காய்டோவின் மீன். வயிற்றைப் பிளந்து விரித்து அரைக்காய்ச்சலாக உலர்த்திச் சுடுவது. நம்மூர் அரைக்கருவாடு பிடித்தவருக்கு இது முதல் கடியிலேயே பிடித்துவிடும். பெரிய மீனின் செவுளுக்குப் பின்னால் இருக்கிற கழுத்துத் துண்டுக்குக் காமா என்று பெயர். கொழுப்பும் எலும்பும் கலந்த இடம், மீன் தெரிந்தவர்கள் அதைத்தான் கேட்பார்கள். மீன்தலைக்குச் சண்டை போடுகிற வீட்டில் பிறந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தட்டில் முழு மீன் வந்தால் தலை இடதுபக்கம், வயிறு நம்மைப் பார்த்து இருக்கும். ஓரத்தில் ஒரு குவியல் வெள்ளையாகத் துருவல் இருக்கும். தேங்காய் என்று நினைத்து ஏமாறவேண்டாம், முள்ளங்கி. அதில் இரண்டு சொட்டு சோயா சாஸ் விட்டு, மீனோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தின்றால் அயிலையின் நெய்ப்பசை நாக்கில் தங்காது. மேல்பக்கச் சதையைத் தின்று முடித்ததும் மீனைப் புரட்டிப் போடாமல், நடுமுள்ளைத் தலையோடு தூக்கித் தட்டோரம் வைத்துவிட்டுக் கீழ்ப்பக்கத்தைத் தின்பது அவர்கள் முறை. குச்சியால் வராவிட்டால் கையால் எடுங்கள். கையால் மீன் முள் பிரிப்பதில் தமிழர்களுக்கு யாரும் பாடம் நடத்த முடியாது. குச்சியைச் சோற்றில் நட்டுவைக்காமல் இருந்தால் போதும். அது இறந்தவர் படையலுக்குச் செய்வது.

ஒரு உருளைக்கிழங்கும் சொல்லிப் பாருங்கள். தோலோடு கரியில் சுட்டு, பிளந்து, வெண்ணெய் வைத்துத் தருவார்கள். ஹொக்காய்டோவின் குளிர்மண்ணுக்கு உருளைக்கிழங்கு எப்படியோ நீலகிரிக்கும் அப்படியே. ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் காலத்திலிருந்து இந்த மலைச் சரிவுகளில் அது விளைகிறது. ஊட்டிக் கிழங்கைத் தணலில் புதைத்துத் தின்ற எந்தக் குழந்தைக்கும் அது புது ருசியல்ல.

இனி வீட்டுக் கதை. மலையில் கடல்மீன் வாங்கினால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பகுதி இரண்டு வழியில் ஏறுகிறது. ராமேஸ்வரம், தூத்துக்குடி, கேரளக் கரை எல்லாம் கோவை உக்கடம் மொத்தச் சந்தையில் இறங்கி மேட்டுப்பாளையம் வழியாக ஒன்று. கோழிக்கோட்டிலிருந்து கூடலூர் வழியாக இன்னொன்று. குன்னூர் மார்க்கெட்டில் எனக்குத் தெரிந்த மீன்காரரிடம், “இன்னைக்கு எந்தக் கரை?” என்று கேட்பேன். “அண்ணே, மே மாசத்துல எந்தக் கரைன்னு கேக்கலாமா?” என்பார். நியாயம்தான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம். ஊட்டியில் மலர்க்காட்சியும் சீசனும் களைகட்டுகிற நாட்களும் அவைதான். அதாவது கூட்டம் அதிகம் வருகிற மாதத்தில் வரத்து குறைவு. கிழக்குக் கரைத் தடை முடிகிற சமயம் கேரளத்தில் டிராலர் தடை தொடங்கி ஜூலை 31 வரை போகும். ஜப்பானியர்கள் ‘ஷுன்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஒரு பண்டம் அதன் உச்ச ருசியில் இருக்கிற குறுகிய காலம். அவர்கள் கடையில் ‘இன்று எது ஷுன்?’ என்று கேட்டால் சமையல்காரர் முகம் மலரும். குன்னூர் மார்க்கெட்டில் அதே கேள்வியை ‘எது நல்லா இருக்கு?’ என்று கேட்கவேண்டும்.

மலைக் குளிர் ஐஸுக்கு ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலர் இதில் ஏமாறுகிறார்கள். அயிலை, மத்தி, சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அது சேர்ந்த மீனைத் தின்றால் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிப்பு வரும். எவ்வளவு நல்ல கரியில் எவ்வளவு நேரம் சுட்டாலும் அது அழியாது. கண் பளிச்சென்று, செவுள் சிவந்து, விரலால் அழுத்தினால் குழி விழாத மீன் கிடைக்காத நாளில் முட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

கணப்போரச் சமையலுக்கு உண்மையிலேயே சொந்தமான மீன் இந்த மலையில் ஒன்று இருக்கிறது. அது கடலில் இருந்து வந்ததல்ல. பிரிட்டிஷ்காரர்களுக்கு நம் ஓடைகளைப் பார்த்ததும் தங்கள் ஊர் டிரவுட் ஞாபகம் வந்துவிட்டது. 1863-ல் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. ஹெச். சி. வில்சன் என்பவர்தான் 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து, வானவில் டிரவுட்டை இந்தத் தண்ணீரில் நிலைக்கவைத்தார். குளிர்ந்த, ஓடுகிற, பிராணவாயு நிறைந்த நீர்தான் அதற்கு வேண்டும். அவலாஞ்சி, எமரால்டு, முக்குருத்திப் பக்கம் அது இருந்தது. வேடிக்கை என்னவென்றால் அதே வானவில் டிரவுட்டை 1877-லேயே கலிபோர்னியாவிலிருந்து வாங்கிவந்து ஜப்பானியர் தங்கள் மலைநீரில் விட்டிருந்தார்கள். அவர்களுடைய மலையூர்களில் இவானா, யமமே என்ற ஓடை மீன்களோடு இதையும் குச்சியில் கோத்து உப்புப் பூசிக் கணப்போரம் நட்டுச் சுடுகிறார்கள். குச்சியை நேராகக் குத்தாமல், உடம்பை அலைபோல வளைத்துக் கோக்கிறார்கள், நீரோட்டத்தை எதிர்த்து நீந்துகிற மாதிரி. தலையைக் கீழ்நோக்கி நடுவதால் கொழுப்பு வழிந்து தலைப்பக்கம் இறங்கி அந்தத் தலை மொறுமொறுப்பாகிறது. சிறிய மீனென்றால் தலையோடு தின்றுவிடலாம்.

நம் ஊரில் டிரவுட் கடைத்தெரு மீனாக ஆகவே இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் இங்கே நீந்திக்கொண்டிருந்தும், தூண்டில்காரரின் பொழுதுபோக்காகவும் அரசுப் பண்ணையின் தொட்டிகளிலும் நின்றுவிட்டது. அவலாஞ்சி வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிற பகுதி. தூண்டிலைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய்விட முடியாது. கடலே இல்லாத இந்த உயரத்தில், ராமேஸ்வரத்து மீனுக்குக் காத்திருக்கிறோம், பக்கத்து ஓடையில் உள்ளது நம் சட்டிக்கு வருவதில்லை. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு.

வீட்டில் செய்து பார்க்க நினைத்தால் கும்மட்டி அடுப்பு போதும். கரியை நன்றாகச் சிவக்கவிட்டு, சாம்பல் பூத்தபின் கம்பிவலையை ஒரு சாண் உயரத்தில் நிறுத்துங்கள். அடுப்பின் ஒரு பக்கம் கரியைக் குவித்து மறுபக்கம் காலியாக விட்டால், தீ எழும்போது மீனை நகர்த்த இடம் இருக்கும். அயிலை என்றால் முதுகில் இரண்டு கீறல். முதலில் ஒரு பக்கம் ஆறேழு நிமிடம், தொடாமல். முள்ளங்கியைத் துருவித் தண்ணீரை இலேசாகப் பிழிந்து வைத்துக்கொள்ளுங்கள். சோயா சாஸ் இல்லையென்றால் எலுமிச்சை.

ஆனால் எல்லாம் வாசலில், திறந்த வெளியில். இதை நான் கொஞ்சம் குரலை உயர்த்தியே சொல்வேன். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மலையூர்களில் விடுதி அறைக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் கரியடுப்பை எடுத்துப்போய்க் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் விடியும்போது எழுந்திருக்காத செய்தி வருகிறது. புகை நின்றுவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைத்துத்தான் உள்ளே எடுத்துப் போகிறார்கள். புகை நின்ற கரியிலிருந்தும் கார்பன் மோனாக்ஸைடு வருகிறது. நிறமில்லை, வாசமில்லை, இருமல்கூட வராது. ஜப்பானியரின் பழைய வீட்டில் இரோரிக்கு மேலே கூரை உயரமாக இருக்கும், காற்றுப் போக வழி இருக்கும். இன்றைய கடைகளில் தலைக்கு மேலே பெரிய புகைபோக்கி உறுமிக்கொண்டே இருக்கும். கண்ணாடி ஜன்னல் இறுகச் சாத்திய விடுதி அறையில் இரண்டும் இல்லை.

மீன் முடிந்த பிறகும் கரி பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். தண்ணீர் ஊற்றி அணைத்தால் ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும், கரியும் வீண். ஜப்பானியச் சமையலறைகளில் இதற்கென்றே கனத்த மூடி போட்ட ஒரு பானை உண்டு. சிவந்த கரியை இடுக்கியால் எடுத்து உள்ளே போட்டு மூடினால், காற்றில்லாமல் தானாக அணைந்துவிடும். நான் அதற்கு ஓட்டை விழாத பழைய இரும்பு வாணலி ஒன்றும், அதன்மேல் கவிழ்க்க ஒரு தோசைக்கல்லும் வைத்திருக்கிறேன். வாசல் படிக்கட்டில், வெளியே. அப்படி அணைத்த கரி அடுத்த தடவை தீக்குச்சி வைத்த மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும். ஜூலை மழையில் மூட்டையெல்லாம் ஈரம் கோத்துக் கிடக்கும்போது, புதுக் கரிக்கு அடியில் அந்தப் பழைய துண்டு நாலைப் போட்டால்தான் அடுப்பு உயிர் பிடிக்கிறது.